நான் எழுதிக் கொடுத்த மூன்று கடைகள்

சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் 2008-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் போலீஸ் நுழைந்தது. இரண்டு மெஷின்களையும் ஒரு ரேக் நிறைய இருந்த புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்கார அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தக் கடையைக் காட்டிக் கொடுத்தவன் நான். இதை என் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. சொன்ன பகுதிகளிலும் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டுகிற மாதிரி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். இங்கே வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் கடலூருக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். அப்பாவுக்கு ஒரு ஃபைபர் போட்டில் பங்கு இருந்தது. அம்மா கடலூர் பழைய டவுனில், ஓ.டி. மார்க்கெட்டில் மீன் விற்றாள். 2004-இல் சிதம்பரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன். எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போனவர்கள் எனக்கு முன்னால் யாரும் இல்லை.

முதல் வாரத்தில் பேராசிரியர் கரும்பலகையில் நான்கு புத்தகங்களின் பெயரை எழுதினார். நான்கும் வெளிநாட்டுப் பதிப்பு. நூலகத்தில் அவற்றில் ஒன்றுக்குத்தான் இரண்டு பிரதி இருந்தது. ஒன்றை வீட்டுக்குத் தரமாட்டார்கள். இன்னொன்றில் முக்கியமான படங்களை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். மேலவீதியில் ஒரு புத்தகக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஒரு தடித்த விலைப்பட்டியலைப் புரட்டி, மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொல்லி, விலையைச் சொன்னார். அப்பா இரண்டு மாதம் கடலுக்குப் போனால் வருகிற காசு அது. ஒரே ஒரு புத்தகத்துக்கு. "சொல்லி வைக்கட்டுமா தம்பி?" என்று அவர் கேட்டார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். எந்த வீட்டில் போய்க் கேட்பது?

வகுப்பில் எல்லோரும் அந்த அக்கா கடைக்குத்தான் போனார்கள். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய சின்ன ஷட்டர் கடை. அக்காவுக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம், விவசாயக் குடும்பம். பி.ஏ. பாதியில் நின்றுபோய்க் கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தவர். அவர் வீட்டுக்காரர் குமராட்சிப் பக்கம் ஓடுகிற மினி பஸ்ஸில் கண்டக்டர். கடையின் பின்சுவரில் ஒரு இரும்பு ரேக் இருந்தது. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாஸ்டர் காப்பி, அதாவது மேற்கொண்டு நகல் எடுப்பதற்கான பிரதி, ஸ்பைரல் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி அடுக்கியிருப்பார். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று சொன்னால் போதும். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பார்.

அவருடைய வேலையில் ஒரு சுத்தம் இருந்தது. தடித்த புத்தகத்தை மெஷினில் கவிழ்த்தால் நடுப்பக்கம் ஒழுங்காகப் படியாது. அங்கே இருக்கிற எழுத்துகள் கறுப்பாக அப்பிக்கொள்ளும். மற்ற கடைகளில் அதை அப்படியே தைத்துக் கொடுத்துவிடுவார்கள். அக்கா அப்படி விழுங்கப்பட்ட எழுத்துகளை அசல் புத்தகத்தைப் பார்த்துப் பேனாவால் ஓரத்தில் எழுதி வைப்பார். வாய்க்குள் நுழையாத லத்தீன் பெயர்களைக்கூட எழுதியிருப்பார். "இதெல்லாம் உங்களுக்குப் புரியுதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு எங்க புரியப் போவுது? படம் வரையிறாப்புல பாத்து எழுதிடுவேன். படிக்கிற புள்ள அந்த எடத்துல வந்து முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல?" என்றார்.

அந்த வருஷம் டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில்தான் இருந்தேன். அதைப் பற்றி எழுத இது இடம் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தோம். சித்தப்பா வீட்டில் இரண்டு பேர் போனார்கள். வீட்டிலிருந்த என் புத்தகம், நோட்டு எல்லாம் சேறாகிவிட்டது. ஜனவரியில் யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சிதம்பரம் திரும்பினேன். அக்கா என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது நான்கு புத்தகங்களும் புதிதாகப் போட்டு ஒரு பையில் தயாராக இருந்தன.

"அக்கா, காசு..."

"நான் கேட்டனா? எடுத்துக்கிட்டுக் கெளம்பு. பரீட்ச வருதுல்ல."

அந்த நான்கு புத்தகங்களைப் படித்துத்தான் நான் முதல் வகுப்பில் தேறினேன்.

2006-இல் படிப்பு முடிந்தது. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு எறால் குஞ்சுப் பண்ணையில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம்கூட ஓடவில்லை. அமெரிக்காவில் நம் எறாலுக்கு வரி போட்டதிலிருந்தே வாங்குகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள், இனித் தாங்காது என்றார் முதலாளி. தொட்டிகளின் மோட்டாரை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசித் தொட்டி நின்றதும் எங்களை வீட்டுக்கு அனுப்பினார். எங்கேயோ ஒரு ஊரில் எவனோ ஒரு காகிதத்தில் எழுதினால் இங்கே என் மோட்டார் எப்படி நிற்கிறது என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சலில் திட்டியதோடு விட்டுவிட்டேன்.

பிறகு பல மாதம் சும்மா இருந்தேன். படித்தவன் சும்மா இருப்பது எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வலை இழுக்கக் கூப்பிடவும் மாட்டார்கள், வேலைக்குப் போ என்று சொல்லவும் மாட்டார்கள். அந்தச் சமயத்தில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குக் களப்பணியாளர் தேவை. சென்னையில் ஒரு வக்கீல் நடத்திய அலுவலகம். போலிச் சரக்கு, திருட்டுப் பிரதி எங்கே விற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, கம்பெனிகள் சார்பில் போலீஸில் புகார் கொடுத்து ரெய்டு நடத்துவது அவர்கள் தொழில்.

வக்கீல் நல்லவிதமாகத்தான் பேசினார். "ஒரு நாடு இருக்கு தம்பி, எந்த நாடுன்னு உனக்கே தெரியும். வருஷா வருஷம் ஒரு லிஸ்ட் போடுவான். எந்தெந்த நாட்டுல புத்தகம், மருந்து, சினிமா, சாஃப்ட்வேர் எல்லாம் சட்டத்த மீறிக் காப்பி அடிக்கிறாங்கன்னு. அதுல இந்தியா பேரு இருக்கு. பேரு இருந்தா வியாபாரம் பேசும்போது கழுத்தப் புடிப்பான். அதனால மேலேர்ந்து கேக்குறாங்க, எத்தன ரெய்டு நடந்துச்சு, எத்தன பேர அரெஸ்ட் பண்ணீங்கன்னு. அந்தக் கணக்கக் காட்டணும். நம்ம வேல அதுதான்."

திருட்டு திருட்டுதான், எழுதினவனுக்கும் வயிறு இருக்கிறது என்றும் சொன்னார். அது பொய் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டது எழுதினவன் வயிற்றை நினைத்து இல்லை. கழுத்தில் மாட்டுகிற அட்டை ஒன்று தந்தார்கள். பைக்குக்குப் பெட்ரோல் தந்தார்கள்.

"இன்னா வேலடா அது?" என்று அப்பா கேட்டார்.

"கள்ளப் புத்தகம் அடிக்கிறவங்களப் புடிக்கிற வேலப்பா."

"போலீசா?"

"போலீஸ் மாதிரி."

மறுநாள் கரையில் எல்லோரிடமும் அப்பா அதைச் சொல்லிவிட்டார். "மாதிரி" என்பதைச் சொல்லவில்லை.

முதல் சில மாதங்கள் பண்ருட்டி, நெய்வேலி என்று சுற்றினேன். போலி பிளேடு, போலி டீத்தூள், சினிமா சிடி. எல்லாம் முகம் தெரியாத ஆட்கள். ஒரு கடையில் போய் ஒரு பொருளை வாங்கி, பில்லோடு சென்னைக்கு அனுப்பினால் என் வேலை முடிந்தது. பிறகு ஒருநாள் வக்கீல் போன் செய்தார். வெளிநாட்டுப் புத்தகக் கம்பெனிகள் இந்தக் காலாண்டில் கணக்குக் குறைவாக இருக்கிறது என்று நெருக்குகிறார்களாம். "நீ சிதம்பரத்துலதான படிச்ச? ஒனக்குத் தெரியாத கடையா? மூணு கடை பேரு குடு. சாலிடா இருக்கணும், மாஸ்டர் காப்பியோட மாட்டணும்" என்றார்.

அந்தச் சாலையில் ஏழெட்டு ஜெராக்ஸ் கடைகள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரியது ஆறு மெஷின் வைத்திருந்த ஏ.சி. கடை. மொத்த வகுப்புக்கும் அங்கே நூறு பிரதி ஒரே மூச்சில் போட்டுத் தருவார்கள். திருட்டு என்று பார்த்தால் அங்கேதான் ஜாஸ்தி. ஆனால் அந்த முதலாளியின் அண்ணன் கட்சியில் பெரிய ஆள். அந்தப் பெயரை எழுத எனக்குப் பயம். அதை விட்டேன். இரண்டு சின்னக் கடைகளை எழுதினேன். மூன்றாவதாக அக்கா கடையை எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று பல வருஷம் பல காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதாவிட்டால் வேலை போயிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். போயிருக்காது. வேறு கடை இருந்தது. உண்மை இதுதான்: அந்த ரேக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் என்று தெரியும். அக்காவுக்காகப் போலீஸுக்குப் போன் போட்டுக் கேட்க ஒரு பெரிய மனுஷனும் இல்லை என்பதும் தெரியும். அவர் என்னிடம் பழகியதால் தெரிந்த விஷயங்கள் எல்லாம். அவற்றை வைத்துத்தான் எழுதினேன்.

சாட்சிக்காக முதலில் ஒரு பிரதி வாங்க வேண்டும். நானே போனேன்.

"என்னாப்பா, ஆளே காணும்! வேல கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சுக்கா. மெட்ராஸ் கம்பெனி."

"சட்டையெல்லாம் டக்-இன் பண்ணிக்கிட்டு... நல்லாருக்கு. அம்மா எப்புடி இருக்காங்க?"

நல்லா இருக்காங்க என்றேன். சொந்தக்காரப் பெண் ஒன்று எம்.எஸ்சி. சேர்ந்திருக்கிறது என்று பொய் சொல்லி, நான் படித்த அதே புத்தகத்தைக் கேட்டேன். மூன்றாவது தட்டிலிருந்து எடுத்து மெஷினில் போட்டார். முடிகிற வரைக்கும் நிற்க முடியாமல் வெளியே போய் நின்றேன். தைத்து முடித்துக் கொடுத்தபோது, "ஒரு பில்லு போட்டுக் குடுங்கக்கா" என்றேன்.

"பில்லா? எங்கிட்ட பில்லு கேட்ட மொத ஆளு நீதான்டா" என்று சிரித்தார்.

"பொண்ணோட அப்பா கேப்பாருக்கா."

ஒரு தாளைக் கிழித்து, புத்தகத்தின் பெயரை அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கடை முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ரெய்டு. வக்கீல் காரில் நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. எந்தத் தட்டு என்று ஒரு சீட்டில் எழுதி ஏற்கனவே கொடுத்திருந்தேன். நான் இறங்கவில்லை. இறங்கத் தேவை இல்லை என்று வக்கீல் சொன்னார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சப் இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்கிறார். அக்கா கையை விரித்து ஏதோ கேட்கிறார். இரண்டு கான்ஸ்டபிள்கள் நேராக ரேக்குக்குப் போகிறார்கள். ஒருவர் மெஷினின் ஒயரைப் பிடுங்கினார். அப்போது அக்கா அவரைத் தடுத்து, மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு தாளை எடுத்தார். வாசலில் நின்ற மாணவன் ஒருவனிடம் அதைக் கொடுத்தார். அவனுடைய மார்க் ஷீட். அசல். அதைக் கொடுத்த பிறகுதான் ஒதுங்கி நின்றார். மெஷின்களை வேனில் ஏற்றியதும், பெண் போலீஸ் கையைப் பிடிக்குமுன் அவரே ஷட்டரை இழுத்து மூடினார்.

மற்ற இரண்டு கடைகளில் ஒன்று அன்றைக்குப் பூட்டியிருந்தது. இன்னொன்றில் வகுப்பு நோட்டுகள் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு மறுநாள் சாயங்காலம்தான் ஜாமீன் கிடைத்தது. அதற்குள் நான் அலுவலகப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். மாவட்டம், ஊர், சோதனை, கைது, கைப்பற்றிய மெஷின், கைப்பற்றிய பிரதிகள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். "இது எங்கெங்க போவும் தெரியுமா? கடல் தாண்டிப் போவும்" என்று வக்கீல் போனில் பாராட்டினார். நான் சந்தோஷப்பட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு போலிப் பூச்சிமருந்து விஷயமாகக் குமராட்சி போக வேண்டியிருந்தது. பைக் பழுது. மினி பஸ்ஸில் ஏறினேன். ஏறிய பிறகுதான் கண்டக்டரைப் பார்த்தேன். அக்காவின் வீட்டுக்காரர். மாணவர்கள் நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பார்த்ததும் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

"விஷயம் தெரியுமா தம்பி? ஒங்க அக்காவ ராத்திரி முழுக்க ஸ்டேஷன்ல வச்சிருந்தாங்க."

"கேள்விப்பட்டேன் மாமா."

"அவ ஒரு ஆளு கிட்ட கூட மொகம் சுளிச்சிப் பேசினவ கெடயாது. யாரோ போட்டுக் குடுத்திருக்கான். நேரா அந்தத் தட்டுக்கே போனாங்களாம். தெரிஞ்சவன்தான் எவனோ."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நடவு வயலில் தண்ணீர் கட்டியிருந்தது.

"பெரிய கடைக்காரன் வேலையா இருக்கும்னு நான் நெனைக்கிறேன்" என்றார் மாமா. "தொழில் போட்டி. நீ என்னா நெனைக்கிற?"

"இருக்கும் மாமா" என்றேன்.

டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.

குற்றப்பத்திரிகை வர ஒரு வருஷம் ஆனது. அதில் சாட்சிகளின் பட்டியல் இருக்கும். பெயர், தகப்பன் பெயர், ஊர். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளின் நகல் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேராது என்கிற மாதிரி நடந்துகொண்டேன்.

ஒருநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மாமாவின் குரல். அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பேரு ஒங்க புள்ளதானுங்களா?"

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "வாசிங்க" என்றார். மாமா வாசித்தார். என் பெயர், அப்பா பெயர், குப்பத்தின் பெயர்.

"எம் புள்ளதான். இன்னா ஆச்சி? எதனா தப்பு தண்டாவா?"

மாமா தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒண்ணும் இல்லீங்க. பேரு சரியான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

"உள்ளதான் இருக்கான். கூப்புடட்டா?"

"வாணாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா உள்ளே பார்த்து, "யாருடா அவரு?" என்றார். படிக்கும்போது தெரிஞ்சவர் என்று சொன்னேன். அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்தவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வேலையை நானாக விடவில்லை. மனசாட்சி உறுத்தி ராஜினாமா செய்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதில்லை. புத்தகக் கம்பெனிகள் வேறு ஒரு அலுவலகத்தைப் பிடித்தார்கள். வக்கீல் எங்கள் மாவட்ட வேலையை மூடினார். கழுத்து அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நான் அரசுத் தேர்வு எழுதி, 2010-இல் கடலூரில் ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனேன்.

2011-இல் சம்மன் வந்தது. சிதம்பரம் கோர்ட்டில் நான்தான் முதல் சாட்சி. அரசு வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை அப்படியே ஒப்பித்தேன். புத்தகத்தைக் காட்டினார்கள். பில்லைக் காட்டினார்கள். ரேக்கிலிருந்து கைப்பற்றிய பிரதியின் உள் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்த எழுத்துகளையும், பில்லில் இருந்த எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே கை என்று காட்டினார்கள். நகல் எடுத்தது இவர்தான் என்பதற்கு அது ஆதாரமாம். நான் ஆமாம் என்றேன்.

அக்கா கூண்டில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். அவருடைய வக்கீல் சின்ன வயசு. எழுந்து என்னிடம் முதலில் கேட்டதே இதுதான்: "நீங்க படிச்ச காலத்துல இதே கடையில புத்தகம் ஜெராக்ஸ் எடுத்திருக்கீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் நானும் குற்றவாளி ஆவேனா, புது வேலைக்கு ஏதாவது ஆகுமா, இதெல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. ஒன்றும் ஆகியிருக்காது என்று பிறகு பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

"சுனாமி வந்த வருஷம் இந்த அம்மா ஒங்களுக்கு நாலு புத்தகம் சும்மாவே போட்டுக் குடுத்தாங்களா?"

"ஞாபகம் இல்லைங்க."

அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, அமைதியாக இருக்கும்படி சொன்னார். சாட்சிக்கு ஞாபகம் இல்லை என்று தட்டச்சு செய்துகொண்டார்கள்.

வெளியே டைப்பிஸ்டுகள் உட்கார்ந்திருக்கிற வரிசையைத் தாண்டிப் போகும்போது அக்கா பின்னாலேயே வந்தார்.

"டேய், நில்லுடா."

நின்றேன்.

"ஞாபகம் இல்லயா?"

"அக்கா..."

"எங்க வக்கீல் சொன்னாரு. எவனோ வெளிநாட்டுக்காரன் லிஸ்டு போடுறானாம். அதுலேர்ந்து நம்ம நாட்டுப் பேர எடுக்கத்தான் இவ்வளவும்னு. உண்மையா?"

"ஆமாக்கா."

"எடுத்துட்டானா?"

அந்த வருஷத்துப் பட்டியல் பற்றிப் பேப்பரில் வந்ததை நான் படித்திருந்தேன். "இல்லக்கா. இந்த வருஷமும் நம்ம பேரு இருக்கு."

"அப்ப நான் எதுக்குடா உள்ள போனேன்?"

நான் ரோட்டுப் பக்கம் பார்த்தேன். அவர் சும்மா கேட்கவில்லை, பதிலுக்காக நின்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "போ. பஸ்ஸ வுட்டுடப் போற" என்று சொல்லித் திரும்பினார்.

டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. வழக்குச் சொத்து என்று ஒரு தகரக் கொட்டகையில் போட்டிருந்த இரண்டு மெஷின்களும் கொட்டகை பறந்து மழையில் கிடந்தன. கடலூர் மாவட்டமே தலைகீழாகக் கிடந்த நேரம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரமும் பலா மரமும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது ஜெராக்ஸ் மெஷினைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

2012-இல் தீர்ப்பு வந்தது. அக்கா விடுதலை. காரணத்தை எனக்கு ஒரு கோர்ட் ஊழியர் சொன்னார். வழக்குத் தொடர வக்கீல் அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுத்து அந்த வெளிநாட்டுக் கம்பெனி எழுதிய கடிதத்தின் அசல் கடைசிவரை கோர்ட்டுக்கு வரவில்லை. பல வாய்தா கேட்டும் வரவில்லை. தாக்கல் செய்தது ஜெராக்ஸ். ஜெராக்ஸை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார். புத்தகம் யாருடையது, புகார் கொடுக்க இவர்கள் யார் என்பதே நிரூபணம் ஆகவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அந்த ஊழியர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. நான் அன்றைக்கு நிரப்பிய படிவத்தில் சோதனைக்குக் கட்டம் இருந்தது, கைதுக்கு இருந்தது, மெஷினுக்கு இருந்தது. விடுதலைக்குக் கட்டமே கிடையாது. கடல் தாண்டிப் போன கணக்கில் அக்கா இன்றைக்கும் கைதுதான்.

மெஷின்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே துரு பிடித்து, எலி ஒயரைக் கடித்துப் போட்டிருந்தது. பழைய இரும்புக்குப் போனது. கடையை முன்பே காலி செய்திருந்தார்கள். அந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை வந்துவிட்டது. அக்கா அதே சாலையில், நான் பயந்துபோய் எழுதாமல் விட்ட அந்த ஏ.சி. கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதே புத்தகங்களைத்தான் அங்கேயும் போட்டார். அந்தக் கடையில் யாரும் எந்தக் காலத்திலும் ரெய்டு நடத்தவில்லை.

அந்த வருஷம் டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடை மேல் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டதாகப் பேப்பரில் வந்தது. மாணவர்கள் கடைக்காரர் பக்கம் நின்று போராடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஊரில் ஒருவர்கூட நிற்கவில்லை. அக்காவிடம் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர் வாத்தியாராகவும் ஆபீசராகவும் இருக்கிறார்கள்! அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை சிதம்பரம் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடையில் கூட்டம். வரிசையில் நின்றேன். வெறுங்கையோடு நிற்க முடியாமல் பர்ஸிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். என் முறை வந்தது. அக்கா கடையின் நீலக் கோட்டைப் போட்டிருந்தார். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

"எத்தன காப்பி?"

"ரெண்டு."

எடுத்தார். கொடுத்தார். சில்லறையை மேஜை மேல் வைத்தார். நான் நகரவில்லை. 

"வேற எதனா வேணுமா?"

"இல்ல..."

"அப்ப கொஞ்சம் தள்ளிக்குங்க. பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

தள்ளி நின்றேன். அடுத்த பையன் தன் நோட்டை நீட்டினான். கோர்ட் வாசலில், அவ்வளவு கோபத்திலும், அக்கா என்னை டா போட்டுத்தான் பேசியிருந்தார்.